ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு

வேலூர் பாகாயத்தில் டவுன் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், காட்பாடி போய்ச் சேர்வதற்குள் நம் நாட்டு உயர்கல்விக் கொள்கையை ஒரு சுற்று பார்த்துவிடலாம். ஏறும் இடத்திலேயே சிஎம்சியின் மருத்துவக் கல்லூரி வளாகம், கிறிஸ்தவச் சிறுபான்மை நிறுவனம். அதே பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி அரசுடையது, பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. ஓட்டேரியில் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. ஆபீசர்ஸ் லைனில் 1898இலிருந்து இருக்கிற ஊரீசு கல்லூரி. அரசு உதவி பெறுவது. அப்புறம் கோட்டை. அதற்குள்தான் 2002இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கணக்கைத் தொடங்கியது. பாலாற்றுப் பாலம் தாண்டினால் காந்தி நகரில் ஆக்சிலியம், அந்தப் பக்கம் விஐடி. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்து 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆனது.

பஸ் டிக்கெட் ஒன்றுதான். சட்டம் மட்டும் ஆளுக்கொன்று. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு வாங்குவது, வாத்தியாருக்குச் சம்பளம் யார் தருவது, பட்டத்தில் யார் பெயர் இருப்பது என்று நான்கு கேள்விகளை ஒவ்வொரு வாசலிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு வாசலில் ஒரே பதில் வந்தால் ஆச்சரியம்.

சிஎம்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த இடம். மாணவர்களைத் தாங்களே நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அவர்களுடையது. நீட் வந்தபோது அதை ஏற்க மறுத்து, 2017இல் எம்பிபிஎஸ்ஸில் இருந்த நூறு இடங்களில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்தார்கள். நூறு இடத்தைக் காலியாக விடவும் தயார் என்று ஒரு கல்லூரி சொன்னதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனமானாலும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சண்டை அதோடு முடிந்தது. அது தலைப்புச் செய்தியில் வந்த சண்டை. நான் எழுத வந்தது தலைப்புச் செய்தியில் வராத ஒன்றைப் பற்றி.

நான் பேராசிரியர் இல்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். கல்விக் கொள்கை என்பது எனக்குத் தபாலில் வரும் காகிதம்தான். பேராசிரியர்கள் அரசாணையை முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள், கருத்தரங்கில் பேச வேண்டுமே. நாங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவோம். ‘நிதித் துறையின் ஒப்புதலுடன் வெளியிடப்படுகிறது’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் காரியம் நடக்கும். இல்லையென்றால் ஃபைலில் கோத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது, ஆளுநர், யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு, தேசியக் கல்விக் கொள்கை, துணைவேந்தர் நியமனம் என்று டிவியில் நடக்கும் விவாதங்களில் எனக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. எல்லாரும் பேசுகிறார்கள். வகுப்பில் நிற்கும் ஆள் யார், அவருக்கு மாதம் எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடந்த முப்பது நாற்பது வருடங்களில் தமிழ்நாட்டு உயர்கல்வியை உருமாற்றியது எந்தக் கொள்கை ஆவணமும் இல்லை. நிரப்பாமல் விட்ட பணியிடம்தான்.

2025 அக்டோபர் 17ஆம் தேதி சட்டப்பேரவையில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பல்கலைக்கழகம் தொடங்க ஒரே இடத்தில் 100 ஏக்கர் நிலம் வேண்டும். திருத்தம் அதை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 என்று குறைத்தது. அது கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள் உட்பட, தனியார் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. அன்று ராத்திரி எங்கள் பழைய ஊழியர் வாட்ஸ்அப் குழு தூங்கவில்லை. ஆசிரியர் சங்கங்கள், மாணவர் அமைப்புகள், கூட்டணிக் கட்சிகள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. பத்து நாள் ஆவதற்குள் மசோதாவைத் திரும்பப் பெற்று மறுஆய்வு செய்வோம் என்று உயர்கல்வித் துறை அமைச்சர் கோவி. செழியன் அறிவித்தார்.

நல்லது. ஆனால் அந்தச் சில நாட்களில் ‘எய்டட் கல்லூரியைத் தனியாருக்கு விற்கப் பார்க்கிறார்கள்’ என்று பேசியவர்களில் பாதிப் பேருக்கு, எய்டட் கல்லூரிக்குள் இப்போதே எவ்வளவு தனியார் இருக்கிறது என்று தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அதைத்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

வட ஆற்காட்டில் உயர்கல்வி என்பது பெரும்பாலும் மிஷனரிகளும் சமுதாய அறக்கட்டளைகளும் கொடுத்தது. ஊரீசு அப்படி. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951. ஆக்சிலியம் 1954. மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965. தோல் மண்டி நடத்தியவர்களும் சாமியார்களும் கன்னியாஸ்திரீகளும் இடமும் கட்டடமும் கொடுத்தார்கள். சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு சட்டகம் போட்டது. நிர்வாகம் ஆளை எடுக்கும், பல்கலைக்கழகம் தகுதியைப் பார்த்து ஒப்புதல் தரும், கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் வழியாகச் சம்பளம் வரும். நிர்வாகத்துக்கு மரியாதை, வாத்தியாருக்கு அரசுச் சம்பளம், பிள்ளைகளுக்குச் சொற்பக் கட்டணம். எங்கள் பக்கத்து பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் தோல் ஷெட் கூலிக்காரர் பிள்ளைகளும் பி.ஏ., பி.எஸ்சி. படித்தது இந்த ஏற்பாட்டில்தான்.

எண்பதுகளுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய பாடப்பிரிவுகளுக்கு அரசு பெரும்பாலும் உதவி தரவில்லை. வேண்டுமானால் உங்கள் செலவில் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ., பி.பி.ஏ., மைக்ரோபயாலஜி எல்லாம் அப்படித்தான் வந்தன. அதுதான் சுயநிதிப் பிரிவு. காலையில் எய்டட் வகுப்பு, மதியம் சுயநிதி வகுப்பு. ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு. அதே பெஞ்சு, அதே கரும்பலகை, அதே பல்கலைக்கழகத்தின் அதே பாடத்திட்டம், அதே கேள்வித்தாள். மதியம் ஒரு மணிக்கு மணி அடித்ததும் கல்லூரியின் பொருளாதாரம் மட்டும் மாறிவிடும்.

அட்மிஷன் நேரத்தில் ஆலங்காயத்துப் பக்கமிருந்து ஒருவர் மகளோடு வந்திருந்தார். பி.காம். எய்டட் பிரிவில் இடம் முடிந்துவிட்டது, சுயநிதியில் இருக்கிறது என்று கட்டணச் சீட்டைக் காட்டினோம். இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சார் இது? ஒரே காலேஜி, ஒரே படிப்பு. காலைல வந்தா ஒரு ரேட்டு, மத்தியானம் வந்தா ஒரு ரேட்டா? மேட்னி ஷோ கூட இப்டி இல்லையே!” என்றார். பக்கத்தில் நின்ற வாத்தியார் சிரித்துவிட்டார். அவர் மதிய ஷிப்ட் வாத்தியார். காலை ஷிப்டில் அதே பாடத்தை எடுக்கும் இணைப் பேராசிரியர் வாங்குவதில் எட்டில் ஒரு பங்கு கூட அவர் வாங்கவில்லை.

சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால் எனக்குத் தெரியும். எய்டட் ஆசிரியரின் பட்டியலில் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, பிடித்தங்கள் என்று பத்தி பத்தியாக ஓடும். சுயநிதி ஆசிரியருக்கு ஒரே பத்தி. தொகுப்பூதியம் பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம். வலது ஓரத்தில் கையெழுத்து. முதல் பட்டியலில் இருப்பவர் முனைவர். இரண்டாவது பட்டியலில் இருப்பவரும் முனைவர்தான். சில சமயம் முதலாமவரின் கீழ் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்.

இதில் நிர்வாகங்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வராது. லாபம் பார்த்தவர்கள் உண்டு, நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் சுயநிதிப் பிரிவில் வந்த பணத்தில்தான் பல கல்லூரிகள் கழிப்பறை கட்டின, நூலகத்துக்குப் புத்தகம் வாங்கின, இவ்வளவு ஏன், எய்டட் பிரிவில் காலியான இடத்துக்கே ஆள் போட்டன. கடைசியில் சொன்னது வெளியே அவ்வளவாகத் தெரியாத விஷயம். எய்டட் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை உடனே நிரப்ப முடியாது. அனுமதி கேட்டு எழுத வேண்டும். மாணவர் எண்ணிக்கை, வாரத்துக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேர வேலைப்பளு, இடஒதுக்கீட்டு இனச்சுழற்சி, பழைய நியமனங்களின் ஒப்புதல் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பதில் போனதும் இன்னொன்று கேட்பார்கள். 2001 இறுதியில் அரசு புதிய நியமனங்களுக்கே தடை போட்டது. 2006இல்தான் அது விலகியது. அந்த ஐந்து வருடத்தில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகளில் தொகுப்பூதியக்காரர்கள் உட்கார்ந்தார்கள். தடை போன பிறகும் அவர்களில் பலர் அதே தொகுப்பூதியத்தில் தொடர்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து? மதிய ஷிப்ட் பிள்ளைகள் கட்டிய பணத்திலிருந்து. அதாவது, காலையில் குறைந்த கட்டணத்தில் படிக்கும் பிள்ளைக்கான அரசின் பங்கில் ஒரு பகுதியை, மத்தியானம் படிக்கும் பிள்ளையின் அப்பா கட்டிக்கொண்டிருக்கிறார். ஆலங்காயத்துக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேட்னி ஷோவோடு நின்றிருக்க மாட்டார்.

சரி, எய்டட் கதை இப்படி. அரசுக் கல்லூரிகளில்?

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். எம்.எஸ்சி., எம்.பில்., நெட் தகுதித் தேர்வு, அப்புறம் பிஎச்.டி. அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். காலையில் இரண்டு பஸ் மாறிப் போவாள். கௌரவம் என்ற சொல்லைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பாள். மாதம் இருபதாயிரமாக இருந்து 25,000 ஆனது. வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். யுஜிசி 2019இல் சொன்ன கணக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் அந்த 50,000 ரூபாயைக் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். பல துறைகளில் கால அட்டவணையை விரித்தால் பாதிக்கு மேல் அவர்கள் பெயர்தான்.

மே மாதம் அவளைத் தெருவில் பார்த்தேன். ஆரணியில் ஒரு பட்டு ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதப் போகிறாளாம். “லீவுதானேம்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “மே மாசம் எங்களுக்கு வயிறு லீவு விடாதே மாமா” என்றாள். ஜூனில் கல்லூரி திறந்ததும் குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுப்பாள். கடைக்கு வந்த மாணவி ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனாளாம். அதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நிரந்தர நியமனத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. தேர்வு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் புது அறிவிப்பு வந்தபோது எண்ணிக்கை 2,708. இந்த நடுவில் தகுதி விதிகளும் நிலையாக நிற்கவில்லை. 2018இல் யுஜிசி, 2021 ஜூலையிலிருந்து பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்குப் பிஎச்.டி. கட்டாயம் என்றது; அப்புறம் 2023 என்றது; 2023 ஜூலை வந்ததும் கட்டாயமில்லை, நெட், செட் போதும் என்றது. எம்.பில்.லையே நிறுத்தச் சொன்னது. இதற்கிடையில் கடன் வாங்கி அவசர அவசரமாகப் பிஎச்.டி. முடித்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். கொள்கையை மாற்றுபவருக்கு அது ஒரு சுற்றறிக்கை. இவர்களுக்கு முப்பதிலிருந்து முப்பத்தைந்து வரைக்குமான வயசு.

இப்போது பல்கலைக்கழகத்துக்கு வருவோம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் கோட்டைக்குள்ளிருந்து திருவலம் தாண்டி சேர்க்காட்டுக்குப் போய் வருடங்கள் ஆகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளுக்காக ஏற்பட்டது அது. மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துப் பிழை என்றால் சேப்பாக்கம் வரை போய் நின்றவன் நான். ஆகவே பக்கத்தில் பல்கலைக்கழகம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 2021 பிப்ரவரியில் அதைப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆகஸ்டில், ஆட்சி மாறிய பிறகு, அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் சட்டம் வந்தது. விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கல்லூரிகள் போயே போயின. யார் செய்தது சரி என்பதில் கட்சிக்காரர்கள் வேண்டுமட்டும் வாதாடிவிட்டார்கள். கல்லூரிகள் போனால் பல்கலைக்கழகத்தின் கல்லா என்ன ஆகும் என்று அவர்கள் பேசி நான் கேட்கவில்லை.

ஏனென்றால் நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வண்டி ஓடுவதே, கல்லூரிகள் அதனோடு இணைந்திருக்கக் கட்டும் இணைவுக் கட்டணத்திலும் தேர்வுக் கட்டணத்திலும்தான். புதுப் பாடப்பிரிவுக்கு ஒரு தொகை, ஆண்டுதோறும் இணைவுத் தொடர்ச்சிக்கு ஒரு தொகை, ஆய்வுக் குழு வருகைக்கு ஒரு தொகை, ஒவ்வொரு பிள்ளையிடமும் பேப்பருக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம், அரியருக்குத் தனி, மறுமதிப்பீட்டுக்குத் தனி. கல்லூரியைக் கண்காணிக்க வேண்டிய பல்கலைக்கழகம் அந்தக் கல்லூரி கட்டும் பணத்தில் வாழ்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் எங்கள் கல்லூரி எப்படி இருக்கும் தெரியுமா? நுழைவாயிலில் கோலம், ஆய்வகத்தில் திரை எடுத்த கருவிகள், நூலகத்தில் புதிதாக முத்திரை குத்திய புத்தகங்கள், மேசையில் பிஸ்தாவும் முந்திரியும். ஆசிரியர் பட்டியலில் இருக்கும் எல்லாரும் அன்று வந்திருப்பார்கள். குழுவினர் நல்லவர்கள்தான், பாதிப் பேர் இன்னொரு கல்லூரியின் பேராசிரியர்கள், அடுத்த வாரம் அவர்கள் கல்லூரிக்கு வேறு குழு வரும். குறைகளை எழுதுவார்கள். நிபந்தனையோடு இணைவு கிடைக்கும். அடுத்த வருடமும் அதே நிபந்தனை வரும்.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை இந்த இணைவு முறையையே பதினைந்து வருடத்தில் ஒழிக்க வேண்டும் என்கிறது. கல்லூரிகள் தாங்களே பட்டம் கொடுக்கும் தன்னாட்சி நிறுவனங்களாக வேண்டுமாம். நோய் என்ன என்று சொன்னதில் தப்பில்லை. மருந்துதான் எனக்குப் பயம். தூய நெஞ்சக் கல்லூரி போன்ற இடம் தன் பெயரில் பட்டம் கொடுத்தால் கம்பெனிக்காரர் மதிப்பார். போளூர்ப் பக்கத்தில் ஐந்து பாடப்பிரிவோடு நடக்கும் சின்னக் கல்லூரி தன் பெயரில் கொடுக்கும் பட்டத்தை ஓசூர்க் கம்பெனிக்காரர் மதிப்பாரா? இன்றைக்கு அந்தப் பிள்ளையின் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. கல்லூரி எவ்வளவு சின்னதானாலும் பெயர் ஒன்றுதான். அந்த ஒரு பெயரை எடுத்துவிட்டு என்ன கொடுக்கப்போகிறோம்?

துணைவேந்தர் விவகாரத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்; பேப்பரில் எல்லாரும் படித்ததுதான். நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தரும் மசோதாக்கள் 2022இல் நிறைவேறின, ஆளுநரிடம் நின்றன. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் கிடப்பில் இருந்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்றது. மே மாதம் உயர் நீதிமன்றம் துணைவேந்தர் தொடர்பான பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலாக, அப்படித் தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு கருத்துச் சொன்னது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியான துணைவேந்தர் நாற்காலி இந்தச் சண்டையில் வருடக்கணக்கில் காலியாகவே கிடந்தது. 2024இல் துணைவேந்தர் இல்லாமலேயே பட்டமளிப்பு விழா நடத்தினார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று. சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்துவிட்டார். பாலாற்றிலும் அவ்வப்போது தண்ணீர் வருகிறது. கேலியில் காலியான இடத்தில் துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். மாநிலம் முழுக்கப் பொருந்தும்.

மாநில அரசு சொல்வது இதில் எனக்கு ஏற்புடையதே. பணம் போடுவது மாநிலம், கல்லூரிகள் மாநிலத்துடையவை, ஆளை எடுப்பதில் மட்டும் வேறொருவர் கை எதற்கு? ஆனால் துணைவேந்தர் நாற்காலிக்காக உச்ச நீதிமன்றம் வரை போகும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, உதவிப் பேராசிரியர் நாற்காலிக்கும் இருந்திருக்கலாம். துணைவேந்தர் இல்லை என்றால் செய்தி வருகிறது. இயற்பியல் துறையில் ஆள் இல்லை என்றால் கால அட்டவணையில் கெஸ்ட் லெக்சரர் என்பதற்கு ‘ஜி.எல்.’ என்று இரண்டு எழுத்து வருகிறது, அவ்வளவுதான்.

மத்திய, மாநிலச் சண்டையின் வேரைத் தேடினால் அதுவும் நம்மூரில் வந்து நிற்கிறது. ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி அன்றைக்கு வட ஆற்காடு மாவட்டம். அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினம் என்று கொண்டாடுகிறோம். அவர் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் அறிக்கை கொடுத்தது. யுஜிசி அமைந்ததற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். பல்கலைக்கழகக் கல்வியைப் பொதுப் பட்டியலில் வைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. அப்போது நடக்கவில்லை, 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. 2025 ஜனவரியில் யுஜிசி, துணைவேந்தர் தேர்வு பற்றிய வரைவு விதிகளை வெளியிட்ட மூன்றாம் நாளே சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டதே, அந்த வழக்கின் பழைய ஃபைல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. டிசம்பரில் யுஜிசியையே எடுத்துவிட்டு வேறு ஆணையம் கொண்டுவர மக்களவையில் மசோதா வைத்துவிட்டார்கள். பெயரை ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை.

அந்த 1949 அறிக்கையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இணைவுக் கல்லூரியில் 1,500 மாணவர்களுக்கு மேல் கூடாது, தேர்வு நாட்கள் நீங்கலாக வருடத்துக்கு 180 நாள் வகுப்பு நடக்க வேண்டும் என்று அலுவலகத்துக்காரன் போல எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியரின் பதவிப் படிகளையும் ஊதியத்தையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். செப்டம்பர் 5 அன்று மாலை போடுபவர்கள் அந்தப் பக்கங்களையும் புரட்டலாம்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 47. தேசியக் கொள்கை 2035க்குள் 50 ஆக வேண்டும் என்கிறது. நாம் அதை எட்டும் தூரத்தில் இருக்கிறோம். நான் வேலையில் சேர்ந்தபோது ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்கு வந்தால் அலுவலகமே எட்டிப் பார்க்கும். ஓய்வு பெறும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம், 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து செய்த வேலை அது. அந்த ஆயிரம் ரூபாய்க்காகப் பேங்க் பாஸ்புக் நகலோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு விண்ணப்பம் சரிபார்த்திருக்கிறேன். ஒருத்தி அந்தப் பணத்தில் மாதாமாதம் ஹாஸ்டல் மெஸ் பாக்கியைக் கட்டினாள். வீட்டில் கேட்டால் படிப்பை நிறுத்தச் சொல்வார்களாம்.

அதனால்தான் நான்கு வருடப் பட்டம், எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், ஒரு வருடத்துக்கு ஒரு சான்றிதழ் என்று தேசியக் கொள்கையில் படித்தபோது எரிச்சல் வந்தது. எங்கள் பக்கம் முதல் வருடத்தோடு நின்றுபோகிறவர்கள் யார் என்று டிசி கொடுத்த எனக்குத் தெரியும். கல்யாணம், அப்பாவின் விபத்து, ஷூ கம்பெனி வேலை. அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்துச் சான்றிதழும் கொடுத்து அனுப்புவதை முன்னேற்றம் என்று யார் சொன்னது? இதில் தமிழ்நாடு எதிர்த்து நிற்பது சரி. அதே கையோடு, 2023இல் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே பொதுப் பாடத்திட்டம் என்று தன்னாட்சிக் கல்லூரிகளின் தலையிலும் கட்டியதே, அதையும் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் கீழே இருப்பவர் உரிமையில் தலையிடக் கூடாது என்ற கொள்கை, தலைமைச் செயலகத்துக்குக் கீழேயும் பொருந்தும்தானே?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைக் கையேட்டில், துறைவாரியாக, அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளரும் தொகுப்பூதியக்காரரும் எத்தனை என்று அச்சிட வேண்டும். அரசுக் கல்லூரி, எய்டட், சுயநிதி, நிகர்நிலை எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி. கணக்கு எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது, மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடுகிறோமே. ஒரு பக்கம் அச்சடிக்க நிதித் துறையின் ஒப்புதல் கூட வேண்டியதில்லை.

அது வரும்வரை, இந்த ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஹாஸ்டல், பிளேஸ்மென்ட், ஏசி வகுப்பு பற்றியெல்லாம் கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: “இந்தத் துறையில பெர்மனென்ட் ஸ்டாஃப் எத்தனை பேர் சார்?” எல்லாரும் இருக்காங்க என்று பதில் வரும். விடாதீர்கள். மே மாதச் சம்பளம் எத்தனை பேருக்கு வரும் என்று கேளுங்கள்.